அப்பம்மாவின் பொச்சுமட்டைக் காகம்

பிள்ளைகளே, இயற்கைப் பொருட்களைக் கொண்டு வீட்டிலேயே கைப்பணி செய்தால் மனம் அமைதியாகும் என்று கைத்தொலைபேசியில் ஒரு பெண் சொல்கிறார். அவருடைய வீட்டில் வெள்ளை மேசை இருக்கிறது. மேசையில் நாலைந்து சங்கு, கொஞ்சம் சோகி, இரண்டு காய்ந்த இலை, ஒரு பசைக் குப்பி. பின்னால் மெதுவாக இசை போகிறது. ஐந்து நிமிடத்தில் சங்கும் சோகியும் சொல்வழி கேட்டு வரிசையாக நின்று, ஒரு படச்சட்டமாகிவிடுகின்றன. அவர் சிரிக்கிறார். நானும் நம்பிவிட்டேன்.

என் அம்மா, அதாவது என் பிள்ளையின் அப்பம்மா, இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசத்துக்கு அவருடைய படத்தை வைக்க ஒரு சட்டம் வேண்டும். கடையில் வாங்கலாம்தான். ஆனால் கையால் செய்தால் அதில் அன்பு இருக்குமாம். அன்பு காட்ட ஒரு வருடம் பொறுத்திருந்த மகனுக்கு இது நல்ல வாய்ப்பு என்று பட்டது.

திருகோணமலையில் இருந்துகொண்டு சங்கு, சோகிக்குக் கஷ்டப்படத் தேவையில்லை. எந்தத் தெருவில் இறங்கி நடந்தாலும் கடைசியில் கடல்தான் வரும். ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு பை நிறையப் பொறுக்கி வந்தேன். வீட்டில் ஒரு பேசினில் போட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாதிப் பேசின் வெறுமை. சங்குகளுக்குள்ளே சின்னச் சின்ன நண்டுகள் குடியிருந்திருக்கின்றன. தொலைபேசிப் பெண் இதைச் சொல்லவில்லை. சங்குகள் அலுமாரிக்கு அடியிலும் குசினிக் கதவுக்குப் பின்னாலும் நடந்து போய்க்கொண்டிருந்தன. ஒன்று என் செருப்புக்குள் குடியேறியிருந்தது.

நடக்காமல் நல்ல பிள்ளைகளாகப் பேசினுக்குள்ளேயே இருந்தவற்றை எடுத்துச் சட்டத்தில் ஒட்டினேன். அவை ஏன் நடக்கவில்லை என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. உள்ளே இருந்தவை செத்துப்போயிருந்தன. வீடு முழுக்க மணம்.

மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, மாமி நேரா வந்திட்டா போல கிடக்கு. சும்மா சொல்லக் கூடாது, படத்துக்கு முதலே மணம் வந்திட்டுது."

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. என் அம்மா பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் கருவாடு போட்டவர்.

உங்களுடைய பாடப் புத்தகத்தில் ஒரு பாட்டி இருப்பார். அவர் பனையோலையில் பெட்டி இழைப்பார், கோலம் போடுவார், நிலா வெளிச்சத்தில் கதை சொல்வார். அவருக்குக் கோபமே வராது. அந்தப் பாட்டியை எங்கே செய்கிறார்களோ தெரியவில்லை, எங்கள் பக்கத்துக்கு ஒருவரையும் அனுப்பவில்லை. என் அம்மாவுக்கு ஓலையில் தெரிந்ததெல்லாம் அடுப்பில் வைக்க மட்டும்தான். கதை சொல்லக் கேட்டால், "எனக்கு என்ன கதை தெரியும், நீ போய்ப் படி" என்பார். காலையில் வள்ளம் வந்ததும் மீன் வாங்கி, கீறி, உப்பிட்டு, கடற்கரையில் விரித்துக் காயவைப்பார். பிறகு பின்னேரம் வரை காகங்களோடு சண்டை. அவர் என்னோடு பேசிய பேச்சைவிடக் காகங்களோடு பேசிய பேச்சு அதிகம்.

"வா, வாடி, மூதேவி. உன்ட கண்ணைத் தோண்டுவன். போன கிழமை திண்டது காணாதோ உனக்கு?"

இதே அம்மா அமாவாசை விரதத்தன்று குளித்து, திருநீறு பூசி, இலையில் சோறு வைத்துக்கொண்டு அதே காகங்களை "கா... கா... வா என்ட ராசா" என்று கூப்பிடுவார். அன்றைக்குக் காகம் என்றால் என் அப்பா. அப்பா காலமான பிறகு அமாவாசைக்கு அமாவாசை அவர் காகமாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அடுத்த நாள் காலையில் கருவாட்டில் வாய் வைத்தால், அப்பாவாவது ஆட்டுக்குட்டியாவது, கல்லெறிதான்.

ஆனால் அம்மா தன் கையால் ஒரே ஒரு பொருள் செய்வார். அதுவும் முழுக்க முழுக்க இயற்கைப் பொருள். செத்த காகம்.

செத்த காகம் ஒன்றைக் காலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டால் மற்றக் காகங்கள் அந்தப் பக்கம் இறங்காது. எட்ட நின்று கத்தும், அவ்வளவுதான். இதை அந்தக் கரையில் எல்லோரும் அறிவார்கள். சிக்கல் என்னவென்றால் நமக்குத் தேவையான நாளில் காகம் சாகாது. கொல்லவும் ஏலாது, அப்பாவாக இருந்துவிட்டால்? அதனால் அம்மா ஒன்றைச் செய்துகொள்வார். தேங்காய்ப் பொச்சுமட்டையில் உடம்பு. அதைச் சுற்றித் தும்பு. சிரட்டைக் கரியை அரைத்து எண்ணெயில் குழைத்துப் பூசினால் கறுப்பு. சீவின சிரட்டைத் துண்டு சொண்டு. ஈர்க்குக் கால். கரையில் காகங்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கி, ஒரு சிறகு விரிந்தும் ஒரு சிறகு ஒடிந்தும் இருக்கிற மாதிரிக் குத்துவார். கடைச் சாமான் என்று பார்த்தால் தொங்கவிடுகிற தங்கூசி நூல் மட்டும்தான். காற்றில் அது மெல்லச் சுழலும்போது நானே சுற்றிக்கொண்டுதான் போவேன்.

இந்தக் கலையைப் பாராட்டி அம்மாவுக்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. காகங்கள் மட்டும்தான் மதித்தன.

என் சங்குச் சட்டம் குப்பைக்குழிக்குப் போன அன்று மகள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, நான் அப்பம்மாட நாளுக்கு ஒண்டு செய்யட்டே?"

"என்ன பூச்சாடியோ?"

"காகம்."

"என்ன காகம்?"

"செத்த காகம்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "அம்மாட திவசத்துக்கு ஆக்கள் வருவினம். என்ட கந்தோரில வேலை செய்யிற ஆக்கள் வருவினம். வீட்டில செத்த காகம் தொங்கினா என்ன நினைப்பினம்? ஒரு பூ செய். காய்ஞ்ச பூவில ஒரு பூச்செண்டு செய்."

"அப்பம்மா பூச்செண்டு செய்யிறேல்லயே."

பதில் இல்லாதபோது தகப்பன்மார் சொல்கிற பதிலைச் சொன்னேன். "சொன்னதைக் கேள்."

அவள் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்க் காகத்தைச் செய்தாள். சல்லிக்குப் போகிற சனி ஞாயிறுகளில் அப்பம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து தும்பு பிடித்தவள், அதனால் கை தடுமாறவில்லை. இரண்டு நாள் பின்முற்றத்தில் கரியும் கையுமாக இருந்தாள். செய்து முடித்ததைக் கொண்டுவந்து காட்டியபோது நான் ஒரு அடி பின்னால் போனேன். அவ்வளவு நன்றாகச் செத்திருந்தது.

"எங்கயாவது கண்ணில படாத இடத்தில வை," என்றேன்.

"ஓம் அப்பா, நல்ல இடத்தில வைக்கிறன்."

திவசத்துக்கு முதல் நாள் பின்னேரம் அவள் அதைக் கிணற்றடிக்குப் பின்னால் இருக்கும் முருங்கையில் தொங்கவிட்டாள். எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கு வேறு பெரிய வேலை இருந்தது. கடையில் போய்ப் படச்சட்டம் வாங்கினேன்.

திவசத்தன்று ஐயர் வந்து கிரியைகளை முடித்துக்கொடுத்தார். இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டும் என்று அவசரமாகச் சைக்கிளில் ஏறினார். ஏறும்போது, "காகத்துக்கு வச்சிட்டு எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நிமிட வேலை. அக்கா வந்திருந்தா, அத்தான் வந்திருந்தார். கந்தோரில் எனக்கு முன்மேசையில் இருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணர் குறிஞ்சாக்கேணியிலிருந்து வாழைப்பழச் சீப்போடு வந்திருந்தார். நல்ல மனிதர். நான் அந்தக் கந்தோரில் கோப்புத் தூக்குகிறவன், அவர் அந்தக் கோப்புகளில் எழுதுகிறவர். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துக் கதிரையில் இருத்தியிருந்தோம்.

இலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், வடை, பாயாசம் எல்லாம் வைத்துப் பின்மதிலில் கொண்டுபோய் வைத்தேன். "கா... கா..." என்றேன்.

காகங்கள் வந்தன. ஒன்றல்ல இரண்டல்ல, அந்த வட்டாரத்துக் காகங்கள் எல்லாம் வந்தன. வந்து மின்கம்பியில் இருந்துகொண்டு கத்தத் தொடங்கின. மதில் பக்கம் ஒன்றும் இறங்கவில்லை.

"உன்ட குரல் காணாது," என்று அத்தான் முன்னுக்கு வந்தார். அவர் கூப்பிட்ட கூப்பிடலில் துறைமுகத்தில் நின்ற கப்பலே வந்திருக்கவேண்டும். காகங்கள் இன்னும் பலமாகக் கத்தின. இறங்கவில்லை.

மனைவி இன்னொரு வடை கொண்டுவந்து வைத்தாள். பிறகு பாயாசத்துக்கு மேல் முந்திரிகைப் பருப்பைத் தூவினாள். காகம் முந்திரிகைக்கு மயங்கும் என்று அவளுக்கு யார் சொன்னதோ.

"என்ன தம்பி, இந்தக் காகம் எதுக்கு?" என்று நானா கேட்டார்.

அத்தான் விளக்கம் கொடுத்தார். "செத்த ஆக்கள் காகமாத்தான் வாறது. மனம் நிறைஞ்சிருந்தா வந்து சாப்பிடுவினம். மனக்குறை கிடந்தா வரமாட்டினம்."

நானா கம்பியைப் பார்த்தார். "இவ்வளவு பேருமா உங்கட மாமி?"

"அவவும் அவட ஆக்களும் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ."

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா..."

"பெரிய ஆக்கள் கதைக்கேக்க குறுக்க வராத."

அரைமணி நேரம் போயிருக்கும். சோறு வெயிலில் காய்ந்தது. உள்ளே எங்களுக்கு வைத்த சோறு ஆறியது. எல்லோருக்கும் பசி. அம்மாவை நினைத்து எல்லோரும் உருகிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். அத்தான் பார்த்தது இலையைத்தான்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "அம்மாவுக்கு ஏதோ மனக்குறை இருக்கு. இல்லாட்டி இப்பிடி நிண்டு கத்தமாட்டா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தா. அக்கா பார்த்ததும் அத்தான் பார்த்தார். அத்தான் பார்த்ததும் மனைவி பார்த்தாள். ஒரே மகனாகப் பிறந்ததில் இப்படி ஒரு வசதி. குறை என்றால் யாரைப் பார்ப்பது என்று யாரும் தேடத் தேவையில்லை.

"என்னடா செய்தனீ அம்மாவுக்கு? வாய் விட்டுச் சொல்லி மன்னிப்புக் கேள். கேட்டா வருவா."

"நான் ஒண்டும் செய்யேல்ல."

ஒரு காகம் இதைக் கேட்டு எழும்பிக் கத்திவிட்டு மறுபடி இருந்தது.

பிள்ளைகளே, நான் செய்திருந்தேன். ஒரு வருடமாக, இல்லை, அதற்கும் முதலிலிருந்தே அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அம்மா உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. இனி யாரிடம் கேட்பது? கம்பியில் இருந்த அந்தக் கறுப்புக் கூட்டத்தைப் பார்த்தபோது, இதுதான் கடைசித் தவணை, இன்றைக்கு அம்மா இறங்கிவந்து ஒரு வாய் சாப்பிடாவிட்டால் நான் சாகும்வரை இதைச் சுமக்கவேண்டியதுதான் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதனால் மதிலடிக்குப் போய்க் கைகட்டி நின்று சொன்னேன். எல்லோருக்கும் முன்னால்.

நடந்தது இதுதான். அம்மா மாதத்துக்கு ஒருதரம் சல்லியிலிருந்து பஸ்ஸில் ஒரு பை கருவாட்டோடு வருவார். அப்படி வந்து வாசல்படியில் இருந்த ஒரு நாள், இதே நானா ஏதோ கோப்புக் கேட்டு எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்தார். அந்தக் கந்தோரில் நான் கொஞ்சம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவன். கோப்புத் தூக்குவது என்ன லேசான பதவியா? படியில் இருந்த அம்மாவைப் பார்த்து நானா, "ஆர் தம்பி இவ?" என்று கேட்டார்.

நான் சொன்னேன், "சல்லியில இருந்து கருவாடு கொண்டு வாறவ."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சல்லி உண்மை, கருவாடு உண்மை, கொண்டுவருவதும் உண்மை. இவ்வளவு உண்மைகளை அடுக்கி ஒரு தாயை இல்லாமல் ஆக்க முடியும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

அம்மா என்னை ஒருதரம் பார்த்தார். ஒரு கண் இமைக்கிற நேரம்தான். பிறகு பையை அவிழ்த்தார்.

"வாங்கோ ஐயா, நல்ல சீலாக் கருவாடு. மணந்து பாருங்கோ." அதோடு விடவில்லை. என் பக்கம் திரும்பி, "சேர், சுத்திக் குடுக்க ஒரு பேப்பர் தாறீங்களோ?" என்றார்.

நான் உள்ளே போய்ப் பேப்பர் எடுத்துவந்து கொடுத்தேன்.

நானா பேரம் பேசினார். அம்மாவும் விடாமல் பேசினார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, ஏதோ தெருவில் நடக்கிறதை வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி, தலையாட்டினேன். நானா போன பிறகு அம்மாவும் எழும்பினார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதமும் வந்தார். அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஆனால் அன்று தொடங்கிக் கடைசிவரை, வரும்போதெல்லாம் படலையில் நின்று தெருவுக்கே கேட்கும்படி "கருவாடு... கருவாடோய்!" என்று கூவிவிட்டுத்தான் உள்ளே வருவார். அது பகிடியா, சாட்டையா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இதைச் சொல்லி முடித்தபோதும் காகங்கள் கம்பியில் கத்திக்கொண்டுதான் இருந்தன.

நானா கதிரையை விட்டு எழும்பியிருந்தார். "தம்பி... அது உங்கட உம்மாவா?"

"ஓம் நானா."

"யா அல்லாஹ். நான் எவ்வளவு நேரம் விலை குறைச்சுக் கேட்டனான். அவ வெயிலுக்க இருக்கிறா, நான் நிண்டு பேரம் பேசுறன்." அவர் மறுபடி கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஒரு சொல் சொல்லியிருக்கலாமே தம்பி. எங்கட உம்மாவும் பாய் இழைச்சு வித்துத்தானே எங்களைப் படிப்பிச்சவ."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கம்பியைப் பார்த்தேன். அவ்வளவு சொல்லியும் ஒரு காகம் இறங்கவில்லை. அப்போதுதான் கம்பிக்குக் கீழே, கிணற்றடிக்குப் பின்னால், முருங்கையில் என்னவோ மெல்லச் சுழல்வது தெரிந்தது. ஒரு சிறகு விரிந்தும் ஒரு சிறகு ஒடிந்தும்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா மதிலடிக்கு வந்தா. "நானும் ஒண்டு சொல்லோணும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதில் எனக்கு அனுபவம் இருக்கிறது என்பதை இப்போது நீங்களும் அறிவீர்கள்.

"அம்மா சுகமில்லாம என்ட வீட்டில இருக்கேக்க, சல்லிக்கு ஒருக்காக் கொண்டுபோய்க் கடலைக் காட்டு காட்டு எண்டு கேட்டவ. எனக்கு அலுப்பு. அந்தப் பக்கம் பஸ் ஓடேல்ல எண்டு சொல்லிப்போட்டன். மூண்டு மாதமும் அதையேதான் சொன்னனான்." அக்கா விம்மினா. "பஸ் எங்கட வாசலாலதான் போறது. ஹோன் அடிச்சுக்கொண்டு போகும். அம்மா என்னைப் பார்ப்பா. நான் லொறி எண்டு சொல்லுவன்."

அக்கா அழுவதைப் பார்த்து அத்தானுக்கும் பொறுக்கவில்லை. "நானும்தான். மாமி தாற கருவாடு எனக்கு மணம் ஏலாது. அவ்வளவத்தையும் நாய்க்குத்தான் போட்டனான். எப்பிடியிருந்தது தம்பி எண்டு கேட்பா, அருமை மாமி எண்டுவன். அதால ஒவ்வொருக்காலும் கூடக் கூடக் கொண்டுவந்தவ. நாய்க்கு உப்புக் கூடி மயிரெல்லாம் கொட்டிப்போச்சு. கடைசியில நாயும் என்னைப் பார்த்து ஓடத் தொடங்கிச்சு."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "என்னைப் பார்க்காதேங்கோ, எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை," என்றாள். சொல்லிவிட்டு மதிலுக்குக் கொஞ்சம் கிட்டப் போய் உதட்டை மட்டும் அசைத்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

இப்படியே விட்டிருந்தால் தெருவில் போகிறவர்களும் உள்ளே வந்து தங்கள் தங்கள் குற்றத்தைச் சொல்லியிருப்பார்கள். நானாதான் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கோவிக்காதீங்க. எனக்கு உங்கட முறை தெரியாது. ஆனா அந்த முருங்கையில ஒரு காகம் செத்துத் தொங்குதே. அதைக் கண்டுதான் இதுகள் கத்துது போல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது செத்த காகம் இல்ல," என்றாள் மகள், மூக்கு விடைக்க. "நான் செய்தது. அப்பம்மா செய்யிற மாதிரி."

"ஏன் பிள்ளை இதை முதலே சொல்லேல்ல?" அக்காவின் அழுகை நின்றுவிட்டது.

"சொல்ல வந்தனான், அப்பா விடேல்ல. அப்பம்மா அமாவாசைக்கு அதை இறக்கி, ஓலைக் கடகத்தால மூடிப்போட்டுத்தான் சோறு வைக்கிறவ. இறக்காட்டி வராது. உங்களுக்கு ஒருத்தருக்கும் தெரியாதோ?"

எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவின் பிள்ளைகள் இரண்டு பேர், மருமக்கள் இரண்டு பேர். ஒருவரும் அமாவாசையன்று சோறு வைக்கமுதல் அந்த முற்றத்தில் நின்று பார்த்ததில்லை.

"அப்ப நான் சொன்னதெல்லாம்?" என்றா அக்கா.

"வாபஸ் எடுக்க ஏலாதோ?" என்று அத்தான் என்னைக் கேட்டார், நான்தான் கந்தோர் ஆள் என்று.

மகள் ஓடிப்போய்க் காகத்தை இறக்கி, பேசினைக் கவிழ்த்து மூடினாள். அவள் திரும்பி வரமுதலே காகங்கள் மதிலில் இறங்கிவிட்டன. ஒரு பெரிய காகம் முதலில் வடையைத் தூக்கியது. மற்றவை பாயாசத்துக்குள் காலை வைத்தன. இரண்டு நிமிடத்தில் இலையே கிழிந்துவிட்டது.

"அம்மா வந்திட்டா!" அக்கா மறுபடி அழத் தொடங்கினா. "அம்மா மன்னிச்சிட்டா! பாருங்கோ, வடையை எடுக்கிறா." அத்தானும் கைகூப்பினார். எல்லோருடைய கணக்கும் தீர்ந்துவிட்டது. மூன்று மாத பஸ், ஒரு நாய், எல்லாம் சரி. எல்லோரும் கை கழுவப் போனார்கள்.

எனக்கு மட்டும் தீரவில்லை. பேசினுக்குக் கீழே பொச்சுமட்டை போனதால்தான் காகம் இறங்கியது என்றால், அம்மா மன்னித்ததால் இறங்கியது என்று எப்படிச் சொல்வது? இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். நான் அவ்வளவு படித்தவன் இல்லை, ஆனாலும் இந்தளவுக்குக் கணக்குத் தெரியும்.

உள்ளே இலை போடுகிற சத்தம் கேட்டது. மகள் குசினிப் பின்படியில் இருந்து, இறக்கும்போது கழன்றுபோன இறகைத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அப்பா, அந்தக் கருவாட்டுக் கதை எனக்கு முதலே தெரியும்."

"ஆர் சொன்னது?"

"அப்பம்மாதான். காகம் கட்டேக்க சொன்னவ."

"என்னண்டு சொன்னவ?"

"உன்ட கொப்பருக்கு அண்டைக்கு வாய் அடைச்சுப் போச்சு, நான்தான் அவனைக் காப்பாத்தி விட்டனான் எண்டு சொன்னவ."

"சிரிச்சுக்கொண்டோ?"

"ஓம். உங்களைப் போலயும் அந்த மாமாவைப் போலயும் நடிச்சுக் காட்டினவ. சரியான பகிடி."

"கோவமா ஒண்டும் சொல்லேல்லயோ?"

"இல்ல."

"சொல்லி முடிச்ச பிறகு? அப்பவும் சிரிச்சவவோ?"

மகள் இறகைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. யாரைப் போலவோ தெரியவில்லை, என்னைப் போல இல்லை.

"பிறகு சிரிக்கேல்ல. தும்பைச் சுத்திக்கொண்டு, அண்டைக்குப் பசியோடதான் பஸ் ஏறினனான் எண்டு சொன்னவ. அவ்வளவுதான்."

உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள். "இஞ்சேருங்கோ, சோறு போட்டாச்சு, வாங்கோ."

"வாறன்" என்றேன்.

அன்றைக்குச் சாப்பாடு மிக நன்றாக இருந்ததாக எல்லோரும் பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.